பெண் பார்க்க வந்தவர் காட்டிய கருகிய பூ

அஸ்தினாபுரம்,
19-11-1990

அன்பு மச்சான் லோகநாதனுக்கு பக்தவச்சலம் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா தாயாரம்மாளும் உடம்புக்குச் சுகம். மனசுக்குச் சுகமில்லை. காரணம் நீ.

நீ பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை ஏகநாதன் பூமிக்கடியில் ஆராய்ச்சி செய்கிறார் என்றாய். பெட்ரோல் எடுக்கிறார் என்று நினைத்துத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். நேற்று மூன்று மணிக்குப் பெண் பார்க்க வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அவர் பாறைக்குள் பூந்தாது தேடுகிறவராம். மூக்கில் போனால் தும்மல் வருமே, அந்தப் பூந்தாது. நம் கனகவல்லி தலை நிறையப் பூவோடு வந்து நமஸ்காரம் பண்ணினாள். அதைப் பார்த்துவிட்டு அவர் பேசிய முதல் பேச்சு: "மாமா, கோடிக்கணக்கான வருஷம் இந்தப் பூமியில ஒரு பூ கூடக் கிடையாது. பூவெல்லாம் ரொம்ப லேட்டா வந்ததுதான்." நல்ல காரியம் பேச வந்த வீட்டில் பூவே இல்லாத காலத்தைப் பற்றிப் பேசலாமா? உன் அக்கா பஜ்ஜித் தட்டோடு சமையலறைக்கே திரும்பிவிட்டாள். அவருடைய அம்மா அவர் தொடையைக் கிள்ளியதை நானே பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். கனகவல்லி, "அதை யார் பார்த்தாங்க?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், மனுஷன் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். கல்லை அமிலத்தில் போட்டால் கல் கரையுமாம், பூந்தாதின் தோல் கரையாதாம், அதில் இருக்கிற வரிப்பள்ளத்தை எண்ணியே எந்தக் கூட்டத்துச் செடி என்று சொல்லிவிடலாமாம். பிறகு சட்டைப் பையில் கைவிட்டார். ஜாதகம் எடுக்கிறார் என்று நான் என் கண்ணாடியைத் தேடினேன். எடுத்தது ஒரு போட்டோ. ஏதோ வெளிநாட்டில் பல கோடி வருஷத்துக்கு முன்னால் காட்டுத் தீயில் கருகி மண்ணில் புதைந்த பூவாம், கடுகளவுதானாம், இதழைக்கூட எண்ணலாமாம். பெண் பார்க்க வந்த இடத்தில் கருகிய பூவைக் காட்டுகிறவனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? இவளோ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாள். காப்பி ஆறி, ராகு காலம் பிறந்து, மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச முடியாமல் அவர்கள் எழுந்து போனார்கள்.

ஆகவே, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நீயே போய்ச் சொல்லிவிடு. உன் பிள்ளைகளுக்கு எல்லா நலமும் உண்டாகட்டும். உனக்குக் கொஞ்சம் புத்தியும்.

இப்படிக்கு,
பக்தவச்சலம்

பி.கு.: தபாலில் போடச் சொல்லிக் கொடுத்த இந்தக் கடிதத்தைக் கனகவல்லி பிரித்துப் படித்துவிட்டாள். "அப்பா, இதுக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க. சமைப்பியா, பாடுவியா, வேலையை விடுவியான்னு என்னைக் கேட்டாங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொன்னவர் இவர் ஒருத்தர்தான்" என்றாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். தை மாதத்தில் நல்ல நாள் பார்.