கார்பன் இல்லாத அலுவலகம்

உலகம் சூடாகிக்கொண்டே போவதால், அதை வரும் வெள்ளிக்கிழமைக்குள் தடுத்து நிறுத்தும் பொருட்டு, மனுப் பிரிவு அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது: "இவ்வளாகத்தில் எவ்வகைக் கார்பனும் இருத்தலாகாது. வெள்ளியன்று ஆய்வு. சிறந்த அலுவலகத்துக்கு விருது."

கார்பனை அளக்க அமர்த்தப்பட்ட அளவைக்காரர் அளவு நாடாவும் கையுமாக மூலை முடுக்கெல்லாம் தேடினார். கடைசியில் வாசலோரம் நின்ற பெரிய மரம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது.

"ஐயா, இதுக்குள்ள மட்டும் ஆயிரத்து நூறு கிலோ கார்பன். பல வருஷமாப் பதுக்கி வச்சிருக்கு!"

"நம்ம கண்ணு முன்னாடியேவா?" மேலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கே வெட்டி எரிச்சிடுங்க."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரிக்குத் திக்கென்றது. அந்த மரக்கிளையில்தான் அவள் கைக்குழந்தையின் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. மரம் போனால் பிள்ளையை உச்சி வெயிலில் கிடத்த வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும்.

"ஐயா, காத்துல கிடக்கிற கார்பனை இலை உறிஞ்சுது. வேர் தண்ணி கொண்டாருது. வெயிலை வச்சுத் தனக்கு வேண்டிய சாப்பாட்டை அதுவே ஆக்கிக்குது. அப்படி வளர்ந்த உடம்புய்யா இது. எரிச்சா அத்தனையும் திரும்பக் காத்துக்குத்தானே போகும்?"

"போகட்டுமே. காத்து வேற துறை."

இவரிடம் நியாயம் பேசினால் வாய்தான் வலிக்கும், அவர் போகிற வழியிலேயே போய்ப் பார்ப்போம் என்று நினைத்தாள்.

"சரிங்கய்யா. அப்படியே மேசை நாற்காலியையும் எரிச்சிடலாமா? அதுவும் மரம்தானே. பீரோ நிறையக் காகிதம் வேற இருக்கு."

"உண்மைதான் ஐயா," என்று அளவைக்காரர் குறித்துக்கொண்டார்.

தோட்டக்காரி மேலாளர் பக்கம் திரும்பினாள். "காலையில என்னங்கய்யா சாப்பிட்டீங்க?"

"ரொட்டி. ஏன்?"

"அதுவும் செடி ஆக்கிக் கொடுத்த சாப்பாடுதான். அந்தக் கார்பன் இப்ப உங்க உடம்புலதான் குடியிருக்கு."

அளவைக்காரர் மேலாளரின் வயிற்றைச் சுற்றி நாடாவைப் பிடித்தார். நாடா எட்டவில்லை. "ஐயாகிட்ட ஒரு பதினெட்டு கிலோ தேறும். ஆளுங்கள்ல நீங்கதான் முதல்."

"என்னையும் எரிக்கச் சொல்றியா?"

"ஐயய்யோ! உங்களுக்குத்தான் கால் இருக்கே, வெளியே போய் நின்னா ஆச்சு. மரம் பாவம், நடக்காது. வேலியைக் கொஞ்சம் கட்டடத்துப் பக்கமா நகர்த்திட்டா அதுவும் வெளியே போயிடும்."

அவசரக் கூட்டம் கூடியது. "கார்பன் தாங்கிய சகல பொருட்களும் அலுவலர்களும் வளாகத்துக்கு வெளியே நிலைநிறுத்தப்படுவர்" என ஒருமனதாக முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை, நகர்த்தி நட்ட கம்பிவேலிக்கு வெளியே, மர நிழலில், மொத்த அலுவலகமும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. குழந்தை சிணுங்கியபோது மேலாளரே தொட்டிலை ஆட்டினார். ஆய்வாளரும் கார்பன் தாங்கியவரே என்பதால் உள்ளே போகாமல், வேலிக்கு வெளியே நின்றபடியே வெற்று அறைகளை எட்டிப் பார்த்து விருதைக் கொடுத்தார். சுற்றறிக்கையை மட்டும் யாரும் திரும்பப் பெறவில்லை.

இரண்டு மாதமாகிறது. தெருப்பக்க ஜன்னலில் வழக்கம்போல நீண்ட வரிசை. ஒவ்வொருவரும் காலி அறைக்குள் மனுவை நீட்டி, கொஞ்ச நேரம் பணிவாக நின்று, பின்னால் இருப்பவரிடம், "நாளைக்கு வரச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இன்றுவரை ஒரு புகாரும் இல்லை.