பிரேக் மாமாவின் பேச்சை நம்பியவன்

ரங்கூனில் வாயாலேயே ஓடி ஜெயித்த ஒரே மனிதர் பிரேக் மாமாதான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார். அவரிடம் தோற்றவர்கள் அத்தனை பேரும் சாட்சிக்கு வருவார்கள். பந்தல் போட்டுத்தான் உட்கார வைக்க வேண்டும்.

பசுந்தாங் வட்டாரத்தில் பஸ்களுக்கு பிரேக் பார்க்கும் பட்டறை அவருடையது. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. தமிழர்களுக்கு அவர் பிரேக் மாமா. பர்மாக்காரர்களுக்கு மரியாதையாக ‘ஊ பிரேக்’. எங்கள் கோயில் திருவிழாவையொட்டி வருஷா வருஷம் ஓட்டப்பந்தயம் நடக்கும். போட்டாதாங் படகுத்துறையில் கிளம்பி ஆற்றோரமாகவே அலோன் வரைக்கும். கோப்பை மட்டும் வழி தவறாமல் மாமா வீட்டுக்குப் போய்விடும்.

“பந்தயம் கால்ல இல்லடா. பக்கத்துல ஓடுறவன் மண்டைக்குள்ள இருக்கு” என்பார்.

மற்றவர்கள் பதற்றத்தில் கையையும் காலையும் உதறிக்கொண்டிருக்கும்போது, இவர் லுங்கியோடு வந்து நின்று கொட்டாவி விடுவார். விசில் ஊதப்போகிற நேரத்தில்தான் லுங்கியை அவிழ்த்துப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார். உள்ளே டவுசர். இதைப் பார்த்தே பாதிப் பேர் கோட்டிலேயே தோற்றுப்போவார்கள்.

முதன்முதலில் ஓடிய வருஷம் நான் அவரை முந்திவிட்டேன். பின்னாலிருந்து அக்கறையாக ஒரு குரல் வந்தது.

“தம்பி, காலையில சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் மாமா.”

“என்ன சாப்பிட்ட?”

“மொஹிங்கா.”

“அய்யய்யோ.”

அவ்வளவுதான். அதுவரை என் வயிற்றில் சாதுவாகக் கிடந்த மொஹிங்கா, மீனும் சேமியாவுமாக எழுந்து உட்கார்ந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா கையசைத்துவிட்டுப் போனார்.

கணக்கெழுதும் பையன் ஒருவனிடம், “உன் மூச்சுல விசில் சத்தம் கேக்குதே” என்றார். அவன் தன் மூச்சையே கவனித்துக் கவனித்து, கடைசியில் மூச்சு விடவே மறந்துபோனான். ஒருவரை முந்தும்போது மாமா வாயை மூடிக்கொண்டு பாட்டு முணுமுணுப்பார். தெரு வளைவில் திரும்பி ஆள் மறைந்ததும் மாடு மாதிரி இரைப்பார். வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்தது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.

போன வருஷம் அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் துரா பந்தயத்துக்கு வந்தான். வாட்டசாட்டமான பர்மாக்காரப் பையன். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான். பாதி வழியில் அவனும் மாமாவும் தோளோடு தோளாக ஓடினார்கள். நான் ஐந்தடி பின்னால். மாமா பர்மிய மொழியில் ஆரம்பித்தார்.

“தம்பி, ஷூ கயிறு அவுந்திருக்கு பாரு.”

துரா நின்றான். குனிந்து பார்த்தான். திரும்ப ஓடிவந்து அவரைப் பிடித்தான். “நல்லாத்தான் இருக்கு ஊலே. சொன்னதுக்கு நன்றி.” ஊலே என்றால் மாமா.

“முகம் வெளுத்திருக்கே. தலை சுத்துதா?”

துரா யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். “இல்லையே ஊலே. உங்களுக்குச் சுத்துதா? இருங்க, வரேன்.” ஓரமாக ஓடி, தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து அவர் கையில் திணித்தான். அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

மாமாவின் சரக்கு அங்கே தீர்ந்தது. வாய் மூடியதும்தான் அவருடைய இரைப்பு வெளியே கேட்டது. துரா கவலையோடு திரும்பிப் பார்த்தான்.

“ஊலே, பயமா இருக்கா?”

யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

“ஆமாடா” என்றார் மாமா. “ஒவ்வொரு வருஷமும் கோட்டுல நிக்கும்போதே வீட்டுக்குத் திரும்பிடலாமான்னு தோணும். அதான் பேசிக்கிட்டே வரேன்.”

“எனக்கும்தான் ஊலே. நீங்க பேசுங்க, கேக்க நல்லா இருக்கு.”

ஆனால் மாமா பேசவில்லை. ஓடினார். அதுதான் ஓட்டம்! முணுமுணுப்பு இல்லை, நடிப்பு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, பார்க்கவே சகிக்காத கோலத்தில் பறந்தார். கிடங்கு வாசலில் மூட்டைகள்மேல் ஏறி நின்று ஆட்கள் கத்தினார்கள். கடைசியில் துரா நெஞ்சளவு முந்தி ஜெயித்தான். மாமா ரோட்டிலேயே மல்லாந்து படுத்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“எல்லாத்தையும் நம்புறவனை என்னடா பண்றது? ஆனா ஒண்ணு, நான் இப்படி ஓடினதே இல்ல!”

திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். மறு வாரமே டீக்கடையில் என்னைப் பார்த்து, “என்னடா, ஒரு பக்கமா சாஞ்சு நடக்குற?” என்றார். நான் இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தேன்.

இந்த வருஷம் முழங்கால் வீங்கி மாமா ஓட வரவில்லை. துரா முதல், நான் இரண்டாவது. எல்லாரும் அமைதியாக, ஒழுங்காக ஓடி முடித்தோம். இவ்வளவு நீளமான ரோடு ரங்கூனில் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வியர்வை காயாமல் நேராக பசுந்தாங் பட்டறைக்குப் போனேன். ஒரு பஸ்ஸுக்கு அடியில் மாமாவின் கால்கள் தெரிந்தன.

“மாமா, நான் ரெண்டாவது!”

“நான் வரல, அதான் வந்திருப்ப” என்றது பஸ்ஸுக்கு அடியிலிருந்து குரல்.

“ஆமா மாமா. கால் சீக்கிரம் சரியாகி அடுத்த வருஷம் ஓட வாங்கன்னு சொல்லத்தான் வந்தேன்.”