கேட்டையை விட்டு நகராத நிலா

மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த பக்கிரிசாமி, ஆனி மாதம் பிறந்த கையோடு ஒரு பெரிய முடிவு எடுத்தார். உயிரே போனாலும் சரி, இனிமேல் சாயங்காலத்தில் மரவள்ளிக் காவலுக்குப் போவதில்லை.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அரிசி கண்ணில் படுவதே அபூர்வம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஒவ்வொரு குடும்பமும் மேட்டில் கொஞ்சம் இடம் கொத்தி மரவள்ளி நட்டிருந்தது. பொழுது சாய்ந்தால் காட்டுப்பன்றி வந்துவிடும். பரணில் உட்கார்ந்து யாராவது தகரம் தட்டாவிட்டால் காலையில் கிழங்கு இருக்காது, குழிதான் இருக்கும். பக்கிரிசாமிக்கும் அவர் பெண்டாட்டி மருதம்மாளுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் காவல் என்று பேச்சு. பேச்சு என்றுதான் சொல்கிறேன், நடந்தது என்று சொல்லவில்லை.

மனுஷர் சோம்பேறி இல்லை. அவருக்குப் பிடித்திருந்தது வேறு பைத்தியம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் பங்களாவில் புகுந்த சனம் நாற்காலி, கட்டில், கோழிக்கூண்டு என்று அள்ளிக்கொண்டு வந்தபோது, இவர் மட்டும் ஒரு பித்தளைத் தொலைநோக்கியைத் தூக்கி வந்தார். முழ நீளக் குழாய், மூன்று கால். துரை வானம் பார்த்த காலத்தில் பக்கத்தில் லாந்தர் பிடித்து நின்றவர் என்பதால், எங்கே திருப்பினால் என்ன தெரியும் என்பது அத்துப்படி. ஜப்பான்காரன் கண்ணில் பட்டால் உளவாளி என்று தலையை எடுத்துவிடுவான். அதனால் காலி அரிசிப் பீப்பாயில் ஒளித்து வைத்திருந்தார். மருதம்மாளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பீப்பாயை எலிகூட எட்டிப் பார்ப்பதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

ஆனி மாதத்தில் இருட்டியதும் தென்கிழக்கில் தேள் எழும்பும். நடு உடம்பில் சிவப்பாகக் கேட்டை. கொடுக்குக்குப் பக்கத்தில் சும்மா பார்த்தால் புகை மாதிரி ஒன்று தெரியும், குழாயில் பார்த்தால் அத்தனையும் நட்சத்திரம். இன்னும் கொஞ்சம் தள்ளித் தனுசுப் பக்கம் ஒளித்துண்டு ஒன்று, மேகமா மூச்சா என்று சொல்ல முடியாமல் மிதக்கும். ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் பழைய நாற்காலியைப் போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்க்கிற சுகத்தை விட்டுவிட்டுப் பன்றிக்குத் தகரம் தட்ட எவன் போவான்?

வழி கிடைத்தது. கப்பல் நின்றதிலிருந்து கடல் தாண்டி ஊரிலிருந்து பஞ்சாங்கம் வருவதில்லை. விரதம் என்றைக்கு, நல்ல நாள் எது என்று தெரியாமல் லயத்துப் பெண்கள் திண்டாடினார்கள். வானத்தைப் பார்த்து நானே சொல்கிறேன் என்று பக்கிரிசாமி அந்த உத்தியோகத்தையும் ஏற்றுக்கொண்டார்.

"என்னாங்க, இன்னிக்கு உங்க மொறை" என்றாள் மருதம்மாள்.

"போகலாந்தான். நிலா கேட்டையில நிக்குதே."

"நின்னா நிக்கட்டும். உங்களை என்ன பண்ணுது?"

"என் ஜென்ம நட்சத்திரம் கேட்டை. அன்னிக்கு மேடு ஏறினா ஆயுசுக்கு ஆகாது. பஞ்சாங்கத்துல போட்டிருக்கும்."

"பஞ்சாங்கந்தான் இல்லையே."

"அதான் நான் இருக்கேன்ல."

தாலி சம்பந்தப்பட்ட விஷயம். மருதம்மாள் தகரத்தை எடுத்துக்கொண்டு மேடு ஏறினாள்.

அடுத்த முறை வந்தபோதும் கேட்டை என்றார். அதற்கடுத்த முறையும் கேட்டை. நிலா தினம் ஒரு நட்சத்திரமாக நகரும் என்பது அவருக்குத் தெரியாததா? பாவம், குழாய் வழியாகச் சதா கேட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வாயைத் திறந்தால் அதுதான் வந்தது. நிலா தேய்பிறையில் இருட்டி வெகுநேரம் கழித்தே எழும்பியதால், யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம் வேறு.

அந்த வாரம் மருதம்மாளுக்குக் காய்ச்சல். அன்றைக்கு அவர் முறை. அன்றைக்கும் கேட்டை. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு பாத்தி மரவள்ளியைப் பன்றி உழுது போட்டிருந்தது. அந்தக் கிழங்கு போனால் அடுப்பில் வைக்க வேறொன்றும் இல்லை. மருதம்மாள் பாத்தியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பக்கிரிசாமிக்கும் நெஞ்சு சுருக்கென்றது. ஆனால் சாயங்காலம் வானம் துடைத்துவிட்டது போல இருந்ததால் சுருக்கு அடங்கிவிட்டது.

மறுநாள் விடியலில் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்தில் நின்றபோது மருதம்மாள் அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் பாதி நிலா. பக்கத்து வீட்டுச் சிகப்பியை முழங்கையால் இடித்தாள்.

"ஏ சிகப்பி, ஆனிப் பௌர்ணமி எந்த நட்சத்திரத்துல வரும்?"

"கேட்டையில வரும், தப்பினா மூலத்துல வரும். ஏங்கா?"

"அப்போ இப்ப?"

சிகப்பி விரலை மடக்கினாள். "பாதியாத் தேஞ்சிருச்சே. உத்திரட்டாதிப் பக்கம் போயிருக்கும்லா."

"எங்க வீட்டுக்காரரு கணக்குல இன்னும் கேட்டையிலதான் இருக்காம்."

"அங்க அதுக்கு என்னக்கா வேலை?"

இரண்டு பேரும் நிலாவைப் பார்த்தார்கள். பிறகு, அந்தப் பக்கம் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நின்ற கிராணியாரைப் பார்த்தார்கள்.

இன்னொருத்தியாக இருந்தால் அங்கேயே சண்டை பிடித்திருப்பாள். மருதம்மாள் அன்று சாயங்காலம் கட்டங்காப்பியோடு ஸ்டோருக்குப் பின்னால் வந்தாள். தோக்கியோ நேரத்துக்குக் கடிகாரத்தை முடுக்கி வைத்திருந்ததால் எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருந்தது. இருட்டும்வரை பொறுமையாகக் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்."

பக்கிரிசாமிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. அந்த ஒளித்துண்டுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன தெரியுது?"

"இட்லிக் கொப்பரையைத் தொறந்தா ஆவி வருமே, அது தெரியுது. இட்லி தெரியல." கண்ணை எடுக்காமலே கேட்டாள். "தேளோட வாலு எங்கங்க?"

"ரப்பர் மரம் மறைக்குது."

"மரம் இல்லாத இடமாப் பாத்தா?"

"முழுசாத் தெரியும். எங்க போறது?"

"அதானே" என்று சொல்லிவிட்டுக் காப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து பக்கிரிசாமி வீட்டுக்கு வந்தபோது வாசலில் லயத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். உள்ளே மருதம்மாள் அரிசிப் பீப்பாயின்மேல் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிராணியண்ணே, நிலா கேட்டையை விட்டு நகர மாட்டேங்குதாமே" என்றாள் சிகப்பி.

பக்கிரிசாமி தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் மெதுவாத்தான் போகுது."

"அதான் பயமா இருக்கு" என்றாள் மருதம்மாள். "ஒருத்தரோட ஜென்ம நட்சத்திரத்துல இத்தனை நாள் நிலா நின்னா அவருக்குக் கண்டமாம். பரிகாரம் செய்யணும்."

"யாரு சொன்னா?"

"பஞ்சாங்கத்துல போட்டிருக்கும்."

"என்ன பரிகாரம்?"

"நிலா நகர்ற வரைக்கும் தெனம் பொழுது சாயையில, உசரமான எடத்துல தெக்கப் பாத்து உக்காந்து தகரம் தட்டணும். சத்தம் கேட்டாத்தான் அதுக்கு ரோசம் வந்து கெளம்புமாம்."

"மேடு ஏறினா ஆயுசுக்கு ஆகாதுன்னு சொன்னேனே."

"அது ஒரு நாள் நின்னா. இத்தனை நாள் நின்னா, ஏறாட்டித்தான் ஆகாது."

பெண்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். பக்கிரிசாமி வசமாக மாட்டிக்கொண்டார். நிலா எப்பவோ போய்விட்டது என்று சொன்னால், நேற்றுவரை ஏன் கேட்டை என்றாய் என்று கேட்பார்கள். இரண்டு பாத்திக் கிழங்குக்கும் சேர்த்து மருதம்மாள் பதில் கேட்பாள். அந்த நேரத்தில் அவர் புத்தியில் ஒன்று பளிச்சென்றது. மேட்டில் ரப்பர் மரம் கிடையாது. தேள் வால் நுனிவரை தெரியும். அடடா, இதைத் தண்டனை என்று நினைத்துச் சொல்கிறாளே, அசடு.

"சரி, உன் திருப்திக்காகப் போறேன்" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே பீப்பாயை நெருங்கினார். "கொஞ்சம் எந்திரி."

மருதம்மாள் எழுந்திருக்கவில்லை. "பரிகாரத்துக்குப் போறவங்க கையில பித்தளை இருக்கக்கூடாதாம்."

"பித்தளையா? நம்ம வீட்டுல ஏது பித்தளை?" என்று சிகப்பியை ஓரக்கண்ணால் பார்த்தபடி சொன்னார்.

"நானும் அதான் சொல்றேன். இல்லாததுக்கு எதுக்குப் பீப்பாயைத் தேடுறீங்க?"

தகரத்தை மட்டும் கையில் கொடுத்தாள்.

தேள் முழுசாகத் தெரியத்தான் செய்தது. கேட்டை சிவந்து கிடந்தது, வால் வளைந்து தொங்கியது. கையில் குழாய் இல்லை, தகரம் இருந்தது. கூப்பிடு தூரத்தில் ஸ்டோருக்குப் பின்னால் அவருடைய நாற்காலியில் மருதம்மாள் உட்கார்ந்து குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு வாயில் கையைக் குவித்து மேட்டைப் பார்த்துச் சத்தம் கொடுப்பாள்.

"இன்னும் கேட்டைதாங்க. நல்லாத் தட்டுங்க."

பக்கிரிசாமி வயிறெரிந்து தட்டினார். அந்த வேகத்துக்குப் பன்றி அடுத்த தோட்டத்துக்கே குடி பெயர்ந்துவிட்டது. வீட்டில் கிழங்கு பெருத்தது. மருதம்மாளின் காய்ச்சல் விட்டு, முகத்தில் களை வந்தது. பௌர்ணமி ஒருமுறை வந்து போனது, நிலா மட்டும் அசையவில்லை.

ஒரு சாயங்காலம் கீழே இருந்து குரல் வேறு மாதிரி வந்தது.

"என்னாங்க, நகந்திருச்சு. மூலத்துக்கு வந்திருச்சு. எறங்கி வாங்க."

பக்கிரிசாமி தகரத்தை வீசி எறிந்துவிட்டுப் பரணிலிருந்து குதித்தார். சறுக்கி, விழுந்து, எழுந்து, சிரித்துக்கொண்டே மேட்டடிக்கு வந்து சேர்ந்தார். மருதம்மாளும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். கையில் மண்வெட்டி வைத்திருந்தாள்.

"மூலத்துக்குப் பரிகாரம் வேறங்க" என்று அதை நீட்டினாள். "தோட்டத்தைச் சுத்திப் பள்ளம் வெட்டணுமாம்."

நட்சத்திரம் மொத்தம் இருபத்தேழு என்பது பக்கிரிசாமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.