லட்டுவுக்கு எண்ணெய்க் குளியல்

கையைச் சும்மா வைத்திருக்க முடியாதவர்கள் கடன் வாங்கக் கூடாது. வாங்கிவிட்டால், அடையும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டுமே வரவில்லை.

சுற்றுலா வேன் ஒன்று வாங்கினேன். பி.காம். படித்தவன், வரவு செலவு தெரிந்தவன் என்ற திமிர். அந்த வேன் ரோட்டில் ஓடியதைவிட ஒர்க் ஷாப்பில் நின்றதுதான் அதிகம். கடைசியில் விற்றேன். வேன் போய்விட்டது, கடன் போகவில்லை. வங்கியில் கெஞ்சிக் கூத்தாடி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். மாதம் ஒன்பதாயிரம், பத்தாம் தேதி காலையில் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்வார்கள்.

"கணக்குல பணமில்லாம ஒரு தவணை திரும்பினாலும் இந்த ஏற்பாட்டையே ரத்து பண்ணலாம் சார். அப்புறம் மொத்தத்தையும் ஒரே நேரத்துல கேப்பாங்க" என்று வங்கி அதிகாரி மென்மையாகச் சொன்னார். (மென்மையாகச் சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம் அதிகம்.)

இப்போது தென்காசியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். மகள் தர்ஷினி கல்லூரியில் படிக்கிறாள். சம்பளம் வந்த வேகத்தில் போய்விடும். அப்போதுதான் என் மனைவி மீனாவுக்கு அந்த யோசனை வந்தது.

"சீசனுக்குக் குத்தாலம் வாறவங்க நாயையும் தூக்கிட்டு வாறாவ. லாட்ஜ்ல சேக்க மாட்டேங்காவளாம். நம்ம வீட்டுல பகல்ல பாத்துக்கிட்டா என்ன?"

நல்ல யோசனை. தர்ஷினி போனில் ஒரு விளம்பரம் போட்டாள். முதல் வாடிக்கையாளராக வந்தவன்தான் லட்டு. கோயம்புத்தூர்க்காரன். பொன்னிறத்தில் சடை சடையாக முடி, மெத்தை மாதிரி உடம்பு. அவனைக் கொண்டுவந்த பெண்ணின் பெயர் நந்தினி. "ஏனுங்க அங்கிள், இவன் ரொம்ப சாதுங்க. சாயங்காலம் வந்து கூட்டிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, கணவரோடு காரில் ஏறினாள். மெயின் அருவியில் தண்ணீர் அதிகம், குளிக்கத் தடை. அதனால் புளியறை வழியாகக் கேரளா பக்கத்து அருவிக்குப் போகிறார்களாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாம் தேதி. தவணைப் பணம் ஒன்பதாயிரமும் கணக்கில் பத்திரமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாரல். எனக்கு லீவு. லட்டு என் காலடியில் படுத்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தான். முடியை விலக்கிப் பார்த்தேன். தோல் வறண்டு கிடந்தது.

அதைப் பார்த்ததும் என் கை துறுதுறுத்தது.

"குத்தாலத்துக்கு வந்த உசுரு, எண்ணெய் தேய்க்காம ஊருக்குப் போவலாமா?" என்றேன்.

"நாய்க்கு எதுக்குங்க எண்ணெய்? செத்த நேரம் சும்மா கெடக்க மாட்டியளா?" என்று அடுக்களையிலிருந்து மீனா கத்தினாள்.

நான் அதற்குள் நல்லெண்ணெயைக் காய்ச்சத் தொடங்கிவிட்டேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். தலையில் தாளம் போட்டேன், முதுகில் நீவினேன், கால் விரல்களில் சொடக்குக்கூட எடுக்கப் பார்த்தேன். லட்டு கண் சொக்கிக் கிடந்தான். அந்தச் சடை முடி எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பிறகு சீயக்காய். அது போதவில்லை, பிசுபிசுப்புப் போகவில்லை. ஈரம் காயட்டும் என்று சாம்பிராணிப் புகையும் போட்டேன். (தீபாவளிக்கு என் மகளுக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை.)

நாய் தன்னைத்தானே நக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். நான் பெருமையோடு சாப்பிடப் போன நேரத்தில் அவன் உடம்பு முழுவதையும் நக்கித் தீர்த்திருந்தான்.

முதலில் வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு. பிறகு மறுபடி வாந்தி. அப்புறம் சுவரோரமாகப் போய்ப் படுத்தவன், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பா, எழும்ப மாட்டேங்கான்ப்பா" என்றாள் தர்ஷினி. நந்தினிக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டாள். மறுபடி அதே.

அரசு கால்நடை மருத்துவமனையில் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. தென்காசியில் ஒரு தனியார் கிளினிக் திறந்திருக்கிறது என்று எங்கள் தெரு ஆட்டோக்காரர் சொன்னார். லட்டுவை நானும் தர்ஷினியும் தூக்கினோம். கையிலிருந்து மீன் மாதிரி நழுவினான்.

"அண்ணாச்சி, சீட்டெல்லாம் வழுக்குது. நாயி வடைச் சட்டிக்குள்ள விழுந்துட்டா?" என்றார் ஆட்டோக்காரர். என் மடியில் லட்டுவின் தலை கனத்துக் கிடந்தது. அவன் செத்துப்போனால் அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பிழைக்கவைக்கத் தவணைப் பணத்தை எடுத்தால், நாளைக் காலை வங்கிக்கு என்ன சொல்வேன்? எதற்கு அதிகம் பயந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கிளினிக்கில் டாக்டரம்மா இளவயதுக்காரர். "உங்க நாயா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர்."

தர்ஷினி என்னைப் பார்த்தாள்.

"வித்தியாசமா எதையாவது சாப்பிட்டானா?"

"இல்ல டாக்டர்."

"உடம்பெல்லாம் எண்ணெய்ப் பசையா இருக்கே?"

"இந்த ஜாதிக்கு முடியே இப்படித்தான் டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? நாய்க்கு எண்ணெய் தேய்த்த முட்டாள் என்று ஊருக்குத் தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்று நினைத்தேன். டாக்டரம்மா மூச்சை இழுத்துப் பார்த்தார். "சாம்பிராணி வாசம் வருதே?" என்றார். "பக்கத்துல கோயில் இருக்கு" என்றேன். (கோயில் அரை மைல் தள்ளி இருக்கிறது.)

அவர் லட்டுவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "விஷமா இருக்கலாம். குடல்ல ஏதாவது அடைச்சிருக்கலாம். ரத்தம் டெஸ்ட் பண்ணணும், ஸ்கேன் பாக்கணும். முன்பணம் கட்டிருங்க."

போனை எடுத்தேன். கணக்கில் இருந்த ஒன்பதாயிரத்திலிருந்து பணம் போனது. டிரிப் ஏறியது. இன்னும் கொஞ்சம் போனது. விஷத்துக்கு ஊசி. அப்புறம் ஸ்கேன். தொகை குறைந்துகொண்டே வந்தது. லட்டு கண்ணைத் திறக்கவில்லை.

லட்டுவின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்த டாக்டரம்மா, "ஜெல் போடாமலே வழுக்குது" என்று முணுமுணுத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தர்ஷினியின் போன் அடித்தது. வீடியோ கால். திரையில் ஈரத்தலையோடு நந்தினி. "சிக்னலே இல்லீங்க. லட்டு என்ன பண்றான்? காட்டுங்க பாக்கலாம்."

தூங்குகிறான் என்று சொல்லும்படி நான் தர்ஷினிக்குச் சைகை காட்டினேன். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து நான் காட்டிய அந்தச் சைகை திரையில் தெளிவாகத் தெரிந்ததாம்.

"அக்கா, லட்டுக்கு முடியல. ஆஸ்பத்திரியில இருக்கோம். எங்கப்பா அவனுக்கு எண்ணெய் தேய்ச்சிட்டாவ. அவன் அதெல்லாம் நக்கிட்டான்" என்றாள் என் மகள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

டாக்டரம்மா கருவியைக் கீழே வைத்தார். "எண்ணெயா? எவ்வளவு?"

"கால் லிட்டர்… இன்னும் கொஞ்சம் கூட இருக்கும்" என்றேன்.

"முதல்லயே சொல்லியிருந்தா விஷமுறிவு ஊசியும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். எண்ணெய்க்கு ஆன செலவு கம்மி சார். உங்க பொய்க்கு ஆன செலவுதான் ஜாஸ்தி."

சாயங்காலம்வரை அந்த அறையில் நின்றேன். கணையம் வீங்காமல் இருந்தால் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். கணையம் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தாலும் அது வீங்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

நந்தினி ஓடிவந்தாள். அவள் குரல் கேட்டதும் லட்டுவின் வால் மேசையில் ஒரு தட்டுத் தட்டியது. பிறகு இன்னொன்று. டாக்டரம்மா சிரித்தார். அப்போதுதான் நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எல்லாம் எங்க பொறுப்பும்மா" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த மீனா என்னைப் பேச விடவில்லை.

"அவுக அப்படித்தாம்மா சொல்லுவாவ. நாளைக்கு எங்களுக்குத் தவணை. இது அந்தப் பணம்."

நந்தினி ஏழாயிரம் ரூபாய் பில்லைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "கோவம் கோவமா வருதுங்க அங்கிள். வைத்தியத்துக்கு நான் தர்றேன். ஸ்கேனும் விஷமுறிவு ஊசியும் உங்களோடதுங்க." மூவாயிரம் அனுப்பினாள். அவளும் கணவருமாக லட்டுவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது நியாயம்தான்.

தவணைக்கு நாலாயிரம் குறைந்தது. முதலாளி ஊரில் இல்லை. கேட்கக்கூடிய எல்லோரிடமும் வேனுக்காக ஏற்கெனவே கேட்டாயிற்று. திங்கட்கிழமை காலை, தவணை திரும்பிவிட்டது என்று செய்தி வந்தபோது நான் வங்கி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன ஆச்சு சார்?" என்றார் அந்த மென்மையான அதிகாரி.

சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். டாக்டரம்மாவின் முகம் நினைவுக்கு வர, நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். நல்லெண்ணெய், சீயக்காய், எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாம்பிராணியுமா?"

"ஆமா சார்."

மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "வியாழக்கிழமைக்குள்ள முழுசாக் கட்டிருங்க. அபராதம் உண்டு. இன்னொரு தடவை திரும்புச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். ஊர் திரும்பிய முதலாளியிடம் முன்பணம் வாங்கிப் புதன்கிழமையே கட்டினேன்.

அதற்குப் பிறகு என் வீட்டில் என் வார்த்தைக்கு மதிப்பு இல்லை. பசிக்கவில்லை என்றால், "ஸ்கேன் எடுத்துருவமா?" என்கிறாள் மீனா. கால்வலி இல்லை என்றாலும் அதுதான். விருந்துக்கு வருகிறவர்களிடம்கூடத் தர்ஷினி இந்தக் கதையை நடித்துக் காட்டுகிறாள். கன்னத்தில் கை வைத்த அந்தச் சைகையோடு.

போன ஒன்பதாம் தேதி சாயங்காலம் மீனா கேட்டாள்: "நாளைக்குத் தவணை. பணம் கணக்குல இருக்குல்லா?"

"இருக்கு" என்றேன்.

உள்ளேயிருந்து தர்ஷினி கத்தினாள்: "அம்மா, ஸ்கேன்!"

நான் போனைத் திறந்து மீனாவின் கையில் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொகையை வாய்விட்டுப் படித்தாள். சரியாக இருந்தது. இருந்தாலும் போனை உடனே திருப்பித் தரவில்லை.