பெட்டி எழும்புகிற நேரம்

"தம்பி, அண்ணருக்குத் திரும்பவும் சூடேறுது" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

ஜெயசுதன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். செத்தவீட்டில் ஓடக்கூடாதுதான். ஆனால் கண்ணாடி மூடிக்குள் படுத்திருந்த ஏரம்பு இன்னும் ஒருநாள் கெடாமல் இருக்கவேண்டும். ஒரே மகன் நிருஷன் கனடாவிலிருந்து விமானம் ஏறிவிட்டான். அவன் நாளை இணுவிலுக்கு வந்து, தகப்பனின் முகத்தைப் பார்த்து, கொள்ளி வைக்கவேண்டும்.

செத்தவீட்டு அலுவல் பார்க்கிற மலர்ச்சாலைக்காரர் கொண்டுவந்து வைத்த அந்தக் குளிர்ப்பெட்டி புத்தம் புதிது. உள்ளே ஒரு குட்டிக் கணினி இருந்தது. அதன் கேர்னலுக்குள், அதாவது அடிவயிற்றுக்குள், இருந்துகொண்டு குளிரூட்டும் கருவியை மேய்க்கிற நிரலை எழுதியவன் ஜெயசுதன். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. பெட்டிக்கு முதல் வாடிக்கையாளர் ஏரம்பு. உயிரோடு இருந்திருந்தால் சம்மதித்திருக்கமாட்டார்.

"கரண்ட் போகேல்லையே?" என்று கேட்டான்.

"ஃபான் சுத்துதே, தெரியேல்லையோ?" என்றார் செத்தவரின் தம்பியான ஆழ்வாப்பிள்ளை. "இஞ்சை பாரும், உது சரிவராட்டி நான் பின்னேரமே எடுத்துப்போடுவன். பெடியன் வந்து சாம்பலைப் பாக்கட்டும்."

கணினிக்குத் தனி பற்றரி இருந்ததால் அது விழித்தே இருந்தது. குளிரூட்டும் கருவிதான் இடைக்கிடை செத்துச் செத்துப் பிழைத்தது. கரண்ட் இருக்கிறது, கருவி புதிது. ஆகவே பிழை தன் நிரலில்தான் என்று ஜெயசுதன் முடிவுகட்டினான். உலகத்தில் எது பழுதானாலும் தன் நிரலில்தான் பிழை என்று நம்புவது அவன் சுபாவம். அதுவும் ஒருவகைத் தலைக்கனம்தான்.

பிழை இருக்கத்தான் செய்தது. கருவி நின்று, ரீசெற் ஆகி எழும்பும்போது, அது தன்னிலைக்கு வரச் சற்று நேரம் கொடுக்கவேண்டும். அவனுடைய நிரல் கொடுக்கவில்லை. கருவி கண்விழித்த கையோடு அதனிடம் கேள்வி கேட்டது. கருவி உளறியது. உளறலைக் கேட்ட நிரல், இது பழுது என்று குளிரை ஒரேயடியாக நிறுத்திவிட்டது.

பெட்டியின் தலைமாட்டில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த குணலட்சுமி, ஏரம்புவின் மனைவி, நேற்றிலிருந்து யாரோடும் கதைக்கவில்லை. இப்போது வாயைத் திறந்தாள்.

"தம்பி, உதுக்குள்ளை நல்லாக் குளிருமோ?"

"பயப்பிடாதேங்கோ அம்மா. இப்ப திருத்தினாப் பிறகு இன்னும் குளிரும்."

அவள் பெட்டியைப் பார்த்தாள்.

ஜெயசுதன் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்து, நிரலைக் காத்திருக்கச் சொல்லித் திருத்தினான். கொடிகாமத்திலிருந்து வந்த ஒரு மாமி அவனருகே குனிந்தாள்.

"வெளிநாட்டுக்கு லைவ் போகுதோ தம்பி?"

அவன் பதில் சொல்லுமுன் அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, லப்டொப்பைப் பார்த்து, "ஐயோ என்ரை அண்ணை! நான் வந்திட்டன், பாக்கிறியளோ!" என்று ஒப்பாரி வைத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது.

கொஞ்சநேரத்தில் கருவி மறுபடி விழுந்து எழும்பியது. நிரல் சொன்னபடி காத்திருந்தது. ஆனால் காத்திருந்த முறை பிழை. கணினியின் மூளை முழுவதையும் பிடித்துவைத்துக்கொண்டு, வேறு ஒரு வேலையும் நடக்கவிடாமல், நின்ற நிலையில் எண்ணிக்கொண்டிருந்தது. கணினியைக் கண்காணிக்கவென்று பெட்டிக்குள் இருந்த காவல் கருவி, அது செத்துவிட்டது என்று நினைத்து அலாரத்தை அலறவிட்டது. ஒப்பாரிக்காரர் ஒருகணம் திகைத்தார்கள். பிறகு தோற்கக்கூடாது என்று அலாரத்தைவிட உரத்து அழுதார்கள்.

ஜெயசுதன் அலுவலகத்தில் இருந்த தாரிகாவுக்குப் போன் எடுத்தான்.

"சும்மா நிண்டு எண்ணவிட்டால் உப்பிடித்தான்" என்றாள் அவள். "அந்த நேரம் நிரலை நித்திரை கொள்ள விடுங்கோ. மற்ற வேலையள் தன்பாட்டிலை நடக்கும்."

நித்திரை கொள்ள விட்டான். அடுத்தமுறை கருவி விழுந்தபோது முழுக் கணினியும் உறைந்தது. திரை அசையவில்லை. பெட்டி மட்டும் உறையவில்லை.

"மற்ற வேலையளை மறிக்கிற லொக்கைக் கையிலை வைச்சுக்கொண்டே நித்திரைக்கு விட்டனீங்களோ?" என்று போனில் கேட்டாள் தாரிகா.

"ஓம்."

"கக்கூசைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கை நித்திரை கொண்ட மாதிரி. வெளியிலை நிக்கிறவை என்ன செய்யிறது? முதல்லை லொக்கை விடுங்கோ. பிறகு கொஞ்சம் நித்திரை, எழும்பி ஒருக்காக் கேள்வி, திரும்பக் கொஞ்சம் நித்திரை. அதுக்கும் ஒரு எல்லை வையுங்கோ. எல்லை தாண்டினால் எழும்பேல்லை எண்டு சொல்லட்டும்."

இம்முறை ஜெயசுதன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவர்கள் அவன் தேவாரம் ஓதுகிறான் என்று நினைத்துக் கைகூப்பினார்கள்.

வேலை செய்தது. கருவி விழுந்தது, எழும்பியது, நிரல் பொறுமையாகக் காத்திருந்தது, குளிர் வந்தது. ஜெயசுதனுக்குத் தலைகால் புரியவில்லை. குணலட்சுமியிடம் போய்ப் பெருமையாகச் சொன்னான்.

"இனிக் கவலை இல்லை அம்மா. விடிய விடியக் குளிரும். ஐஸ்கட்டி மாதிரி இருப்பார்."

குணலட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் ஒரு வாய் தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை. திரையில் ஒரு வரி வந்தது: கருவி எழும்பவில்லை. மறுபடி கேட்டான். எழும்பவில்லை. எல்லை தாண்டியும் எழும்பவில்லை. நிரலில் இப்போது ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவனைக் கலங்கவைத்தது.

ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"போதும். ஐயரைக் கூப்பிடுங்கோ, பறையையும் வரச் சொல்லுங்கோ. எடுப்பம்."

நிருஷன் அப்போது கடலுக்கு மேலே எங்கோ பறந்துகொண்டிருந்தான். அவனுக்குச் சொல்லக்கூட வழியில்லை. ஒரு பிள்ளை தகப்பனைக் கடைசியாகப் பார்ப்பதைத் தன் வேலை கெடுத்துவிட்டதே என்று ஜெயசுதனுக்கு அழுகை வந்தது. லப்டொப்பை மூடினான். லைவ் நின்றுவிட்டதென்று கொடிகாமத்து மாமியும் அழுகையை நிறுத்தினாள்.

பெட்டியைக் கழற்றுவதற்காக அவன் வயரைப் பிடித்துக்கொண்டு போனான். அது பெட்டியின் அடியால் போய், தலைமாட்டுக் கதிரைக்குப் பின்னால் சுவரில் முடிந்தது. அங்கே சுவிட்ச் ஏற்கெனவே அணைந்திருந்தது. அதன்மேல் குணலட்சுமியின் விரல் இருந்தது.

அவள் திடுக்கிட்டுக் கையை எடுக்கவில்லை. ஒருவருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"அவருக்குக் குளிர் கண்ணிலையும் காட்டேலாது தம்பி. பெட்டி வந்ததிலையிருந்து நீங்கள் எல்லாரும் குளிரும், இன்னும் குளிரும் எண்டு சொல்லச் சொல்ல, நான்தான் இடைக்கிடை கொஞ்சம் நிப்பாட்டி விட்டனான்."