யார் எழுதியதென்று தெரியாத அறிக்கை

இப்படி என் பக்கம் நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒற்றைத் தாள் ஒரு மேனேஜரை அறையை விட்டே கிளப்பின கதை சொல்கிறேன்.

ஆபீஸ் பிரின்டரில் அந்தத் தாளைக் காணவில்லை. பழைய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ரெக்கார்டு ரூம் அம்மா மூடியைத் தூக்கிப் பார்த்தாள், அடியில் கைவிட்டுப் பார்த்தாள். இல்லை.

 பதவி உயர்வுக்கு அவள் இங்கிலீஷ் பரீட்சை தேறியாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று, இரண்டு தடவையும் அறிக்கை எழுதும் பகுதியில்தான்.

"'நான் பார்த்தேன், பாவமா இருந்துச்சு'ன்னு எழுதினா எப்படிம்மா மார்க் வரும்?" என்று டியூஷன் சார் தலையில் அடித்துக்கொண்டார். "அறிக்கையில 'நான்' வரவே கூடாது. பார்த்தது யாரு? யாருமே இல்லை. 'காணப்பட்டது.' அவ்வளவுதான்."

அன்றிலிருந்து வீட்டிலும் அதே பேச்சு. "பால் பொங்கவிடப்பட்டது" என்பாள். "யாரால?" என்பான் புருஷன். "அதெல்லாம் அறிக்கையில வராதுங்க."

பழகிப் பார்க்கத் தன் ஆபீஸைப் பற்றியே ஒன்று எழுதினாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி: 'ஊழியர்கள் மாடிப்படியில் அமர்ந்து உண்பதாகக் கண்டறியப்பட்டது. மேலாளரின் பெரிய அறையில் ஒருவர் மட்டுமே இருப்பதாகவும் அறியப்பட்டது. அவ்வறையை உணவறையாக மாற்றப் பரிந்துரைக்கப்படுகிறது.'

அந்தத் தாள்தான் காணாமல் போனது. பகல் பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் கையில் இருந்தது.

"பாருங்கம்மா," என்றார் அவர், அவளைக் கூப்பிட்டு. "ஒரு இடத்துலயாவது 'நான்' இருக்கா? கையெழுத்து இருக்கா? தலைமை ஆபீஸ்ல இருந்து யாரோ வந்து நமக்கே தெரியாம பார்த்துட்டுப் போயிருக்காங்க!"

 அவளுடைய பரீட்சை விண்ணப்பத்தில் வெள்ளிக்கிழமைக்குள் இவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் அறையைப் பிடுங்கச் சொன்னவள் நான்தான் என்று எந்த வாயால் சொல்வது?

"யாராவது பரீட்சைக்குப் பழகினதா இருக்கலாமே சார்?"

"இவ்வளவு நல்லா எழுதறவங்களுக்குப் பரீட்சை எதுக்கும்மா?"

மறுநாள் இன்னொரு தாள் அடித்து மேனேஜர் அறைக் கதவிடுக்கில் செருகினாள்: 'முந்தைய அறிக்கை போதிய ஆய்வின்றி எழுதப்பட்டது. மாற்றம் எதுவும் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டது.'

மேனேஜர் அதைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "சோதிக்கறாங்கம்மா! வேணாம்னு சொன்னா விட்டுடறேனான்னு பார்க்கறாங்க. தூக்குங்கய்யா மேசையை!"

மேசை நடைபாதைக்கு, தண்ணீர் ஃபில்டர் பக்கத்துக்குப் போனது. அறையில் நீள மேசை வந்தது. அதோடு விட்டாரா? "உங்க இங்கிலீஷ் தேவலை. பரிந்துரை நிறைவேத்தியாச்சுன்னு ஒரு அறிக்கை எழுதிக் கொடுங்க" என்று அவள் தலையிலேயே கட்டினார். ஒரு தடவை இல்லை. "தலைப்பு போடுங்க", "முடிவுரை இழுக்குது" என்று மூன்று தடவை திருப்பி எழுத வைத்தார்.

மத்தியானம் எல்லாரும் உள்ளே உட்கார்ந்தார்கள். மேனேஜரும் டிபன் பாக்ஸோடு தயங்கித் தயங்கி வந்தார்.

"தள்ளி உக்காருங்க சார், இங்க மேனேஜருக்கெல்லாம் தனி இடம் கிடையாது" என்றார் டிரைவர்.  மேனேஜர் கடகடவென்று சிரித்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். சிரிக்காதவள் ரெக்கார்டு ரூம் அம்மா ஒருத்திதான். பாதியிலேயே டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தை நீட்டினாள். "சார், ஒரு விஷயம்..." என்று தொடங்குவதற்குள் கையெழுத்தைப் போட்டு, "நல்லா எழுதுங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அது இன்னும் குத்தியது.

நேரே டீ கொடுக்கும் அக்காவிடம் போனாள்.

"மனசு கேட்கலைக்கா. அந்த அறிக்கையை எழுதினது நான்தான். பாவம், மனுஷனை நடைபாதையில உக்கார வச்சுட்டேன். வேலை போனாலும் போகட்டும், போய்ச் சொல்லிடறேன்."

அக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்:

"பிரின்டர்ல கிடந்த தாளை எடுத்து, 'இது ரெக்கார்டு ரூம் அம்மாவோடது, மறந்துட்டுப் போயிட்டாங்க'ன்னு அவர் கையில கொடுத்ததே நான்தானேம்மா. படிச்சுட்டு மறுபடியும் படிச்சார். அப்புறம், 'ஒன்பது வருஷமா தனியாச் சாப்பிடறேன், வெளிய வாங்கன்னு இப்பத்தான் ஒருத்தர் எழுதியிருக்காங்க, யார்கிட்டயும் சொல்லிடாதே'ன்னார்."

உங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளையில் ஒரு நாளும் பேச்சுத்துணைக்கு ஆள் குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா.