குதிருக்குள் போன பிஸ்டன்

இந்தக் கல்யாணத்துக்கு மட்டும் கார் ஓட்டுவதில்லை என்று தங்கசாமி குலதெய்வத்தின் மேல் ஆணையாக முடிவு செய்துவிட்டார். மனசுக்குள்தான். வாயைத் திறந்து சொல்ல அவருக்கென்ன பைத்தியமா?

நாமக்கல்லுக்கு மேற்கே எட்டு ஊருக்கும் ஒரே மோட்டார் கார். அது தன்னுடையது என்று தங்கசாமி நினைத்துக்கொண்டிருந்தார். மனைவி சென்னியம்மாளின் பிறந்த வீட்டார் வேறு மாதிரி நினைத்தார்கள்.

இப்போது அவள் அண்ணன் சின்னராஜ் மகளுக்கு மாசியில் கல்யாணம். தை மாதம் முழுக்க ஊர் ஊராகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். ஒரு வீட்டை விட்டாலும் ஏழு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. போன கல்யாணத்து அழைப்புக்குக் காரில் பதினொரு பேர், இரண்டு வாழைத்தார். முன்சீட்டில் சென்னியம்மாளின் அத்தை பொன்னாத்தாள். ராசிபுரத்தில் தங்கசாமியின் தோளைப் பிடித்தவள் சேலத்தில்தான் விட்டாள். வழியெல்லாம் காதுக்குள் ஒரே கூப்பாடு: "மெதுவாப் போ சாமி! மெதுவாப் போ சாமி!" தோளுக்கு நாலு நாள் எண்ணெய் போட்டு நீவினார் மனுஷன்.

அந்த நேரம் பார்த்துக் கார் கரும்புகை கக்கியது. வேறு யாராயிருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். தங்கசாமிக்கோ பொங்கல் முன்னாலேயே வந்துவிட்டது. புகையோடு புகையாகச் சேலத்துக்கு ஓட்டிப் போய், தீர்த்தகிரியின் லேத்துப் பட்டறையில் விட்டார்.

தீர்த்தகிரி எஞ்சினைப் பிரித்து விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"சிலிண்டரெல்லாம் தேஞ்சு போச்சுங்க. உள்ள கடைஞ்சு போரிங் போட்டுப் புது பிஸ்டன் மாட்டோணும். மெட்ராசுக்கு எழுதிப் போடுங்க."

"பிஸ்டன் வரட்டும், அதுக்குள்ள நீங்க தொளைச்சு வையுங்களேன்."

"அதெப்படீங்க? பிஸ்டனை அளந்து பார்த்து, அதுக்குத் தகுந்தாப்பலதான் தொளைக்கோணும். அது என்ற கைக்கு வராம எஞ்சின்மேல கை வெக்க மாட்டனுங்க. வந்துட்டா பத்தே நாளு."

தங்கசாமிக்கு அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பிஸ்டன் வராவிட்டால் வேலை இல்லை! வேலை இல்லாவிட்டால் கார் இல்லை!

பார்சல் வந்தது. அவரே சேலம் ரயில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு வாங்கினார். பட்டறைப் பக்கம் தலை வைக்காமல் ஊருக்கு பஸ் ஏறினார். நாலு பிஸ்டனையும் காகிதத்தோடு விதைநெல் குதிருக்குள் முழங்கை வரைக்கும் அமுக்கினார். விதைநெல்லை ஆடிக்கு முன்னால் எவன் தொடப்போகிறான்?

"ஏனுங்க, பிஸ்டன் வந்துருச்சுங்களா?" என்றாள் சென்னியம்மாள்.

"எங்க வருது? மெட்ராஸ்காரன் மசமசன்னு இருக்கறான்."

"அண்ணன் வந்து கேக்குதுங்க."

வாசலில் நின்ற சின்னராஜைப் பார்த்ததும் தங்கசாமிக்குக் கருணை பெருகிவிட்டது. "மச்சான், என்ற மனசு படற பாடு எனக்குத்தான் தெரியும். அந்த பிஸ்டன் மட்டும் வரட்டும், ஒரு ஊடு விடாம நானே ஓட்டறேன். இது சத்தியம்!"

"கேட்டுக்கிட்டயா அண்ணா?" என்றாள் சென்னியம்மாள்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அவள் கேட்பாள், அவர் மெட்ராஸ்காரனைத் திட்டுவார். நாளாக ஆக அவர் திட்டுவதில் ருசி கூடியது. ஒரு வாரம் கழித்து அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அலுத்துப் போய்விட்டாள் என்று தங்கசாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

தை பிறந்த மூன்றாம் நாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ஹாரன் அடித்தது. தெரிந்த ஹாரன். கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. எட்டிப் பார்த்தால், கார்! ஸ்டியரிங்கில் தீர்த்தகிரி. பின்சீட்டில் மாப்பிள்ளை மாதிரி சின்னராஜ்.

"பிஸ்டன் இல்லாம எப்படிப் போரிங் போட்டான்?" என்று அலறினார்.

"அதுங்களா?" என்றாள் சென்னியம்மாள், அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே. "எங்க பக்கத்துக் கண்ணாலத்துல முளைப்பாலிகைச் சட்டியில வெதைக்க அத்தைக்காரி ஊட்டு விதைநெல்லுதானுங்க போவோணும். முன்கூட்டியே எடுத்து வெக்கலாமுன்னு குதிருக்குள்ள கையை உட்டேன். மெட்ராஸ் பார்சல் அங்கயே வந்து எறங்கியிருந்துச்சு. பாவம் அந்த மெட்ராஸ்காரரு, தினமும் பேச்சு வாங்கினாரு. நானும் அண்ணனும் பஸ்ஸேறிப் போயி பட்டறைல குடுத்துட்டு வந்துட்டமுங்க."

தங்கசாமியின் மீசை தொங்கியது. ஆனாலும் கையில் ஒரு துருப்பு இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசலில் இருந்த தீர்த்தகிரிக்குக் குரல் கொடுத்தார்.

"புதுசாப் போரிங் போட்ட எஞ்சினாச்சே? ஆளுகளை ஏத்திக்கிட்டு வெரசாப் போகக் கூடாதல்லங்க?"

"கூடவே கூடாதுங்க," என்றார் தீர்த்தகிரி. "எஞ்சின் பழகற வரைக்கும், மொத ஐநூறு மைலு, மணிக்கு இருவதுக்கு மேல தாண்டக் கூடாது. இனிமே ஓட்டறதும் நீங்க ஒருத்தராவே இருக்கோணும்."

"கேட்டீங்களா மச்சான்? அழைப்பு அவசரமான சங்கதி. இந்த நத்தை வேகம் அதுக்கு ஒத்து வருமா? நீங்க பஸ்ஸைப் புடிச்சு..."

சென்னியம்மாள் முந்தானையிலிருந்து ஒரு சீட்டை அவிழ்த்தாள்.

"அவரு பட்டறையிலயே இதைச் சொல்லீட்டாருங்க. அண்ணனும் நானும் ஊர்வாரியாக் கூட்டிப் பார்த்துட்டம். கெங்கவல்லி, பனமரத்துப்பட்டி, ராசிபுரம், அந்தப் பக்கம் பவானி வரைக்கும். பட்டறைல இருந்து இங்க வந்ததோட சேத்தி, போக வர நானூத்தித் தொண்ணூறு மைலுங்க. பத்து மைலு கொறையுதேன்னு, காத்தால காரை அத்தை ஊட்டுக்கு ஒரு நடை உட்டு ஆளைக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னேன்."

அப்போதுதான் தங்கசாமி வாசலுக்கு வந்து காரை நன்றாகப் பார்த்தார். முன்சீட்டில், தீர்த்தகிரிக்குப் பக்கத்தில், வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பொன்னாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் பொக்கை வாய் நிறையச் சிரித்தாள்.

"ஐநூறு மைலும் மெதுவாத்தான் போவோணுமாமே சாமி? நாந்தான் அப்பவே சொன்னனல்ல!"